மூன்று பந்துகளும் எழும்பின

மயிலாப்பூரில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். என் கையில் சிகரெட் இருந்ததை ஒரு மாணவன்கூடப் பார்த்ததில்லை. டீக்கடைப் பக்கமே ஒதுங்க மாட்டேன். எல்லாவற்றையும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான் பிடிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த நேரத்தில்தான் நான் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவேன் என்பதால், என் மனைவி பிலோமினா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

போன வருடம் அவளால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கும்மா. வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி வாங்கச் சொன்னார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால், அதிலுள்ள மூன்று பந்துகளும் மேலே எழும்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிலோமினா கண்ணில் நீர் வரும்வரை இழுத்தாள். முதல் பந்து லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

"அப்படி இல்ல பிலோ, இங்க பாரு" என்று வகுப்பில் செய்துகாட்டுவதுபோல வாங்கி இழுத்தேன். மூன்று பந்துகளும் சட்டென்று உச்சியில் போய் நின்றன.

கருவியை அவசரமாக வாயிலிருந்து எடுத்தேன். அவள் முகமோ மலர்ந்தது.

"அப்பாடா! உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. எனக்கு அந்தப் பயந்தான் இருந்துச்சு" என்றாள், மூச்சிரைக்க.

அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டேன். முதல் பந்து இன்னும் எழும்பவில்லை. சாயந்திரமானால் அவள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். எனக்குத்தான் பேச்சு வருவதில்லை.