மகள் நிரப்பிய படிவம்

முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்த்த மனுஷன். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் ‘பிரேக்கு’தான். ஒரு வண்டியை முடித்தால் ஒரு சிகரெட். பிரேக் லைனிங் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் அதே நெஞ்சுக்குள்தான் போனது.

மகள் பிறந்த அன்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், இனித் தொடமாட்டேன் என்று. சத்தியம் பதினோரு நாள் தாங்கியது. அப்புறம் டிப்போவுக்குள் ஊதிவிட்டு, கிளம்பும்போது சோப்புப் போட்டு முகம் கழுவி, சட்டை மாற்றி, ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குள் யோக்கியராக நுழைவார். இருபத்தாறு வருடம் மாட்டிக்கொள்ளவில்லை என்று பெருமை வேறு. நல்ல பெருமை!

அந்த மகள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள். ஐம்பது தாண்டிய சிகரெட் ஆசாமிகளுக்கு, இருமல்கூட வராதபோதே நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் திட்டம் அங்கே வந்தது. சிகரெட்டை விட்டுப் பதினைந்து வருடம் ஆனவர்களைச் சேர்க்க மாட்டார்கள். டிப்போ ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். படிவம் நிரப்பும் மேஜையில் உட்கார்ந்திருந்தது சாட்சாத் மகளேதான்.

“சிகரெட்ட எப்பப்பா விட்டீங்க?”

“நீ பொறந்த அன்னிக்கேம்மா. உனக்குத் தெரியாதா?”

பின்னால் வரிசையில் நின்ற டிப்போ டயர்க்காரர் தொண்டையைச் செருமினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இங்க யாரும் திட்ட மாட்டாங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அவள் அப்படியே எழுதினாள். ஸ்கேன் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டயர்க்காரர் உண்மையைச் சொன்னார். அவர் ஸ்கேனில் பட்டாணி அளவு கட்டி தெரிந்தது, வெட்டி எடுத்தார்கள். ஆள் இன்றைக்கும் வேலைக்கு வருகிறார்.

இரண்டு வருடம் கழித்து இவர் இருமியபோது ரத்தம் வந்தது. அதற்குள் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முப்பத்தைந்து வருடம், இன்னும் விடவில்லை என்றார். பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எட்டாவது படிக்கும்போதே தெரியும்பா.”

“அப்புறம் ஏம்மா அன்னிக்கு அப்படி எழுதுன?”

“உங்க கூட்டாளிங்க எல்லாரும் நிக்கிறாங்க. அவங்க முன்னாடி உங்கள எப்படிப்பா பொய்யன்னு சொல்றது?” என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.