பிரபஞ்சத்துக்கு மதிப்புச் சொன்ன என் மகள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. சோழவந்தானிலிருந்து கடைசி மகள் செல்வியோடு ஜெர்மனிக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு ஹெல்கா கேக்கோடு வந்து, "அலெஸ் கூட்டெ" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் வீட்டில்தான் ஏதோ விசேஷம் என்று நினைத்து, நானும் ஒரு தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்து வாழ்த்தி அனுப்பினேன். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அவ வாழ்த்துனது உன்னைய. இன்னிக்குப் பொறந்தநாளு உனக்குத்தான்."

"எவ சொன்னா?"

"உன் பாஸ்போர்ட்டு."

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அந்தத் தேதி மட்டும் என்னோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. பிறந்த தேதி சரியாகத் தெரியாதது எங்களுக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. இங்கேயோ எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு வரவேண்டிய டிராம் எட்டு ஒன்பதுக்கு வந்தால் நிற்கிறவர்கள் முகம் சுண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட நாட்டில், தோராயமாகக் கணக்குப் போடுவதற்கென்றே என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அவள் சொல்லி நான் விளங்கிக்கொண்ட மட்டும் எழுதுகிறேன். இடம் என்பது ஒரே விரிப்பு இல்லையாம். கண்ணுக்கு எட்டாத பொடித் துண்டுகள் சேர்ந்ததாம். குவாண்டம் ஈர்ப்பு என்கிறார்கள். அத்தனை துண்டுகளையும் வைத்துப் பிரபஞ்சத்தின் தொடக்கத்தைக் கணக்கிட எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் துண்டுகளை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால், சுருங்கிக்கொண்டே வந்த ஒரு பழைய பிரபஞ்சம் நசுங்கிப் போகாமல், எகிறி மறுபடி விரிகிறதாம்.

எனக்கு இது உடனே பிடிபட்டது. வெற்றிலைக் கொடிக்காலில் நான் செய்ததும் இதுதான். கிள்ளுவதற்கு முதல் நாள் நடுவரிசையில் நாலைந்து கொடியை மட்டும் பார்த்து, "இம்புட்டுக் கவுளி வரும்" என்று மதிப்புச் சொல்வேன். கவுளிக்கு நூறு வெற்றிலை. "அக்கா சொன்னாச் சரிதான்" என்று வியாபாரி அதற்குத் தக்க கூடை கொண்டுவருவார். பக்கத்துக் கொடிக்கால்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மேல்காற்று அடிக்கிற ஓரத்து வரிசையில் என் கணக்கு உதைக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செல்வியின் வேலை மூன்று வருஷத்துக்குத்தான். நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பேராசிரியர்கள் முன்னால் அவள் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, இன்னும் கொஞ்சம் துண்டுகளைச் சேர்த்து, அவற்றை ஏறுமாறாக வைத்துப் பார்த்திருக்கிறாள். எகிறுகிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் விடை ஆட்டம் கண்டுவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அதச் சொல்லாம விட்டுரு தாயி. கேட்டாப் பாத்துக்கலாம்."

"எப்படிம்மா விடுறது? எதுவரைக்கும் நம்பலாம்னு சொல்றதுதான என் வேலையே."

"அந்த வேலையே போயிருச்சுன்னா?"

"சோழவந்தானுக்கு வாரேன். உன் கொடிக்கால்ல ஒரு வேலை போட்டுக் குடு."

"வெத்தலைக்கும் மொளகுக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாத கழுத, உனக்கா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சு நடந்த அன்று நானும் பேத்தி கயலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு வளைகோடு இறங்கி மறுபடி ஏறியது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. செல்வி அதன் மேலேயே விரலை வைத்து என்னவோ சொன்னாள். கயல் என் காதில் ஓதினாள்: "அம்மாச்சி, 'இதுவரைக்கும் என் கணக்கு நிக்கும், இதுக்குள்ள எனக்குத் தெரியாது'ன்னு அம்மா சொல்றாங்க."

பேச்சு முடிந்ததும் அத்தனை பேரும் விரலை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் பேசுகிறவர் முன்னால் மேசையைத் தட்டினால், போதும் உட்கார் என்று அர்த்தம். நான் எழுந்தே விட்டேன்.

"எதுக்குய்யா எம்புள்ளைய வெரட்டுறீக? தெரியாததத் தெரியாதுன்னு சொன்னது குத்தமா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. கயல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, உக்காரு அம்மாச்சி! இங்க கை தட்டுறது இப்படித்தான்." செல்வி நான் சொன்னதை அவர்கள் மொழியில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, அந்தச் சாம்பல் திட்டுதான் பேச்சிலேயே உயர்ந்த இடம் என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டே அதைத் தமிழில் சொன்னாள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: இன்னும் இரண்டு வருஷம். மதிப்புச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்றிருந்தேன். நான் விழுங்கிய ஓரத்து வரிசையை இவள் திரையில் போட்டுக் காட்டிவிட்டாள்.

நேற்று ஹெல்கா, உன் ஹைமாட் எது, அதாவது சொந்த ஊர் எது என்று கேட்டாள். சோழவந்தான் என்றேன். வைகையில் தண்ணீர் வந்ததா என்று தினமும் போனில் கேட்கிறவள் வேறு எதைச் சொல்ல? ஆனால் இன்று காலை டிராம் இரண்டு நிமிஷம் பிந்தியதற்கு என் முகமும் சுண்டியது. அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே எனக்கும் ஒரு சாம்பல் திட்டு இருக்கிறது; அதற்குள் எது என் ஊர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏத்தா கயலு, இங்க வா. இத ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. தெரியலன்னு நான் எழுதுன எடத்த முழுங்கிராம வாசி.