பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை

அடுத்த வளவில் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் வீசுகிறது. வெங்காயத்தில் நல்லது கெட்டது தெரிந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். இந்த மணம் வந்தால் வேலை ஓடாது எனக்கு. எழும்பி நடக்க வேண்டும்போல் இருக்கும், எங்கே என்று தெரியாமல்.

புதுப் பெயின்ற் என்றால் அந்தப் பள்ளிக்கூடம்தான். திருகோணமலையில், துறைமுகம் தெரிகிற மேட்டில், மாடியும் நீள விறாந்தையுமாக அது எழும்பியது. சுவர் காய்வதற்கு முன்பே பெற்றோர் போய் வாசலில் நின்றோம். குச்சவெளியில் இருந்து முதல் பஸ்ஸில் நானும் போயிருந்தேன். மஞ்சள் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் கழுவ மனமில்லை.

மகளுக்கு அப்போது பள்ளி தொடங்கும் வயது வரவில்லை. நாற்பதுக்குப் பிறகு எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை. எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்று வகுப்புக்கு ஒரு ரீச்சர். வருகிறவர்களும் மாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் மணி அடிக்கும்வரை விளையாடுவார்கள். அவளும் அப்படியே வளர்ந்துவிடுவாளோ என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

பள்ளிக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைக்கே முதலிடம் என்றார்கள். வீட்டில் இருந்து பள்ளிவரை வரைபடத்தில் நேர்கோடு இழுப்பார்கள். நடுவில் வேறு பள்ளி இருந்தால் புள்ளி குறையும்.

"நேர்கோட்டில அளக்கினமாம்," என்றார் அன்று வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்.

"அப்ப காகத்தின்ர பிள்ளைக்குத்தான் இடம்," என்றாள் பின்னால் நின்ற ஒரு தாய். "என்ர பிள்ளைக்குச் செட்டை முளைக்கேல்லயே!"

"நீங்க எவடம், தங்கச்சி?" அவர் என்னைக் கேட்டார்.

"குச்சவெளி."

"குச்சவெளியோ? கடலுக்குள்ளால கோடு போட்டாலும் சரிவராது பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மதிலுக்கு அப்பால் பார்த்தேன். இரண்டு ஒழுங்கை தள்ளி, நான் பிறந்த வீட்டின் ஓட்டுக் கூரை தெரிந்தது.

அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. அம்மா அதைத் தங்கைக்கு எழுதினா. மூத்தவளான எனக்குக் குச்சவெளிக் காணி. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் போகும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பள்ளிக்கூடம் எழும்பிய மேட்டில் அப்போது பற்றையும் ஆடுகளும்தான் இருந்தன.

தங்கைக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். "அக்கா, மூண்டு பேரும் இஞ்ச வாங்கோ," என்றாள். "பதிவையும் இஞ்ச மாத்துங்கோ. எனக்கும் வீட்டில ஒரு சத்தம் வேணும்."

பதிவை மாற்றினோம். வெங்காயம் கிண்டி முடிய எல்லோரும் போய்விடுவது என்றுதான் பேச்சு. கிண்டி முடிந்தது. அடுத்த நடுகை வந்தது. கணவர் அசையவில்லை.

"வெங்காயம் பஸ் ஏறி ரவுணுக்கு வராது," என்றார். "மச்சாளின்ர வீட்டில குந்தியிருந்து சாப்பிட என்னால ஏலாதப்பா. நீ பிள்ளையைக் கொண்டுபோய் விடு. பிறகு பாப்பம்."

பிள்ளை முதலில் போனாள். நான் பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே. எந்த ஊரில் விழித்தேன் என்று தெரியாத விடியல்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு, உண்மையில் அங்கே இருக்கிறோமா என்று பார்க்க இரண்டு ஆசிரியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்தார்கள். நல்லகாலம், அன்று நான் அங்கே நின்றேன். தங்கை சந்தைக்குப் போயிருந்தாள். வாசலில் மகளின் செருப்பு, கொடியில் அவளுடைய சட்டை, சுவர் முழுக்க அவளுடைய கிறுக்கல். ஆண் ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப ஏலுமா? குசினிக்குள் போனேன்.

அந்தக் காலத்தில் என் அம்மா சீனி வைக்கிற இடத்தில் கையை விட்டேன்.

"அம்மா, அது சோப்புத்தூள்."

மகள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டில் இருந்து சீனிப் போத்தலை எடுத்துத் தந்தாள். "சின்னம்மா இஞ்சதான் வைக்கிறவ. கரண்டி அந்த லாச்சிக்குள்ள."

திரும்பினேன். பெண் ஆசிரியை குசினி வாசலில் நின்றா. என் வயது இருக்கும்.

"மகள் எங்க படுக்கிறனீங்கள்?" என்று பிள்ளையைக் கேட்டா.

"சின்னம்மாவோட."

"அம்மாவோட இல்லையோ?"

"அம்மா வந்தா, நடுவில நான்."

நான் கோப்பையை நீட்டினேன். அவ தேத்தண்ணியை முழுவதும் குடித்தா. போகும்போது படலையடியில் குரலைத் தாழ்த்தினா.

"பிள்ளை இஞ்சதான் இருக்கிறா. அதில எனக்குச் சந்தேகமில்லை. நீங்க எங்க இருக்கிறியள் எண்டு நான் கேக்கேல்ல."

இடம் கிடைத்தது. ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தேன். அந்த ஆசிரியை சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முதல் பல் விழுந்ததை ரெலிபோனில் கேட்டேன். இரட்டைப் பின்னல் பின்னத் தொடங்கியதைப் படத்தில் பார்த்தேன். ஒருமுறை காய்ச்சல் என்றதும் மத்தியான பஸ்ஸில் ஓடினேன். தங்கை அவளை மடியில் கிடத்தி நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க வந்து இருங்கோ."

இருந்தேன். மகள் கண் திறக்காமலே என் சேலையைத் தடவினாள். ஏதோ சரியில்லை. கை அங்குமிங்கும் தேடியது, தங்கையின் சட்டை நுனி அகப்படும்வரை. அகப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நான் இவளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்," என்றேன். தங்கை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் விட்டதும் மகள் தன் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. எந்த வாயால் நான் அவளை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிடுவது? தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

இப்போது மூன்றாம் வகுப்பு. விடுமுறைக்கு இங்கே வருவாள். தகப்பனோடு வெங்காயப் பாத்திக்குள் இறங்கி நிற்பாள், காலில் மண் ஒட்டாமல் விரலை மடக்கிக்கொண்டு. இரண்டு நாளில், "சின்னம்மா தனிய இருப்பாவே அம்மா" என்பாள். அவர் என்னைப் பார்ப்பார். "விடப்பா, படிக்கட்டும்" என்று தண்ணீர் கட்டப் போய்விடுவார்.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். இடியப்பம் அவித்தோம், சாப்பிட்டோம், சிரித்தோம். பின்னேர பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது அவள் படலைவரை வந்தாள். தங்கை விறாந்தையில் நின்றுகொண்டாள், எங்களை விட்டு விலகி.

"பை எடுத்தனீங்களோ அம்மா?"

"ஓம் மகள்."

"பஸ்ஸில யன்னல் பக்கம் இருங்கோ. உங்களுக்குச் சத்தி வரும்."

குனிந்து உச்சி மோந்தேன். தங்கையின் வீட்டு எண்ணெய் மணம்.

"அம்மா போட்டு வாறன், என்ன?"

அவள் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் பெரியவர்கள் சொல்வதுபோல் நல்ல மரியாதையாகச் சொன்னாள்.

"ஓம் அம்மா. இடைக்கிடை வந்து போங்கோ."