ஐந்து குழாய்கள்

எலியக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது முகத்தைப் பார்த்து அல்ல. பதினோரு வருடமாக ஆய்வகத்துச் சுண்டெலிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கிறாள். புருஷன் என்று ஒருவன் இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பான்.

இந்த முறை போதை ஆய்வு. எலி நெம்புகோலை அழுத்தினால், கழுத்து ரத்தநாளத்தில் செருகிய மெல்லிய குழாய் வழியாக ஊக்கப்பொருள் ஒரு துளி இறங்கும். புது மருந்து கொடுத்தால் அழுத்துவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் குழாயைத் தினமும் உப்புத் தண்ணீரால் அலசுவது அவள் வேலை.

குறைந்தது. எட்டில் ஐந்து எலிகள் நெம்புகோல் பக்கமே போகவில்லை. அதே பொருளுக்கு அடிமையான தம்பியிடம் ஓடினாள்.

"மருந்து வந்துடும்டா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டான். இருபத்தாறு நாள்.

ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? எலிகள் ஓய்வதற்கு முந்தைய சனி, ஞாயிறு தம்பியைக் காணோம் என்று பேருந்து நிலையமெல்லாம் தேடி அலைந்தாள். அலசாமலே ஏட்டில் அலசியதாக எழுதினாள். திங்களன்று ஐந்து குழாய்கள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்க மறுத்தது. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு எலிகள் ஓய்ந்ததும், மருந்துதான் காரணம் என்று தன்னையே நம்பவைத்தாள். தம்பிக்காக நம்ப வேண்டியிருந்தது.

ஆய்வை விரிவாக்கப் போகிறோம் என்று தலைமை மேடம் சிரித்த அன்று, அந்த இரண்டு நாள் குழாய்களை அலசவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அலசினதா எழுதியிருக்கியே?"

"பொய் மேடம்."

மேடம் அந்த ஐந்து எலிகளின் எண்களையும் கணக்கிலிருந்து அடித்தார். மற்ற மூன்றும் பழையபடி அழுத்திக்கொண்டுதான் இருந்தன. எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை தப்பியது.

வீட்டில் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்புறம் அந்த எலிங்க ஏன்க்கா நிறுத்திச்சு?"

"அழுத்தினா ஒண்ணும் வரலைடா. முதல்ல வெறி பிடிச்ச மாதிரி அழுத்திச்சு. அப்புறம் விட்டுடுச்சு."

"எனக்குத் தெருமுனைக்குப் போனாலே கிடைக்குமே."

அவன் தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நாளையிலேர்ந்து வெளியில பூட்டிட்டுப் போக்கா."

காலையில் பூட்டினாள்.

"இழுத்துப் பாரு, சரியா விழுந்துச்சான்னு," என்றான் உள்ளிருந்து.

இழுத்துப் பார்த்தாள். விழுந்திருந்தது. "என்னை மன்னிச்சிடுடா," என்றாள் கதவிடம். கேட்டானோ என்னவோ, உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் மட்டும் வந்தது.