சுவருக்குள்ளிருந்து மாமனார்

சென்ற வாரம் ஒரு சாயங்காலம், கொஞ்ச நேரத்துக்கு நான் காலஞ்சென்ற என் மாமனாராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும் அந்த இருட்டு.

போடியிலிருந்து மலைக்கு ஏறும் சரிவில் மாமனாருக்கு ஒரு ஏலத்தோட்டம், அதில் ஒரு பழைய பங்களா. ஏலக்காய் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி ஒன்று, தன் அதிகாரி குடும்பத்தோடு வந்து தங்க அதைக் கேட்டது. ஆனால், வீடு பாதுகாப்பானது என்று முதலில் சான்று வேண்டுமாம். கொச்சியிலிருந்து லிஸி மேடம் வந்தார். தூதரகக்காரர்களும் கம்பெனி அதிகாரிகளும் அந்நிய நாட்டில் குடியேறும் வீடுகளைச் சோதிப்பது அவர் தொழில்.

எனக்குச் சுருக்கென்றது. அந்நிய நாடா? எங்கள் போடியா? ஆபத்தான வெளிநாடு என்பது டிவி செய்தியில் வருவது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

மேடம் வேலியைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். கடைசியில், "சேஃப் ரூம் எவிடே சாரே?" என்றார்.

யாராவது வீட்டுக்குள் புகுந்துவிட்டால், உதவி வரும்வரை குடும்பம் பூட்டிக்கொண்டு உட்கார ஓர் அறை. ஜன்னல் கூடாது. சுவர் கனமாக இருக்க வேண்டும்.

பங்களாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு அப்படி ஒன்று இருந்தது — மாமனார் காலத்து ஸ்டோர். பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை. அடுப்பு வெளியே இருக்கும்; அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். அடுப்பு அணைந்து வருஷங்களாகிவிட்டன.

"இது மதி சாரே, போதும். பக்ஷே, வேலைக்காரங்களுக்குக்கூட இந்த ரூம் தெரியக் கூடாது. பின்னே... குரல் கேட்டு கதவு துறக்கக் கூடாது, கேட்டோ? எத்தனை தெரிஞ்ச குரலானாலும்!"

பங்களாவைப் பார்த்துக்கொள்பவர் மொக்கத்தாயி அத்தை. மாமனாருக்குத் தங்கை முறை, அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை. அவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காரியத்தை முடித்தேன். ஸ்டோரின் வெளிவாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. படுக்கையறைச் சுவரை இடித்து ஓர் இரும்புக் கதவு, அதை மறைக்க ஒரு திரை.

அத்தை ஊர் திரும்பும் நாள். அவர் வருவதற்குள் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாமே? வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். செல்போன்? ஜீப்பில். என் முன்னெச்சரிக்கை அந்த லட்சணத்தில்!

கையை முகத்துக்கு நேரே ஆட்டினேன். கையைக் காணோம். சுவரெல்லாம் ஊறிப்போன ஏலக்காய் வாசம். பாயசத்தில் வந்தால் பசியைக் கிளப்பும் அதே வாசம், இருட்டில் வந்தால் யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

வெளியே காலடிச் சத்தம்.

"மாப்ளே..."

குழாய் வழியாக வந்தது. அத்தை குரல்தான்... தானா? அந்தக் குழாய்க்குள் புகுந்தால் எந்தக் குரலும் கிணற்றிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. லிஸி மேடத்தை நினைத்துக்கொண்டேன். மூச்சுக் காட்டவில்லை. காலடி விலகிப் போனது.

ஒத்திகை வெற்றி! தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் முட்டினேன். ம்ஹூம். வெளியே பூட்டியது யார்? குழாயின் துரு ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன்.

"அத்தே!"

காலடி நின்றது. பதில் இல்லை.

"அத்தே!"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் சரிவில் மூடுபனி இறங்கிவிட்டால், முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றதெல்லாம் இரண்டோடு நின்றுவிடும்.

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தேன். தொண்டை ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது... குழாய் நெடுக, நீளமான ஒரு பெருமூச்சாக.

"ஆத்தாடி... ரெண்டோட நின்னுருச்சே!"

ஓடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அடுப்பு வாயருகே தழுதழுத்த குரல். "அண்ணே... அடைச்ச சுவத்துக்குள்ள என்னத்துக்கு வந்து உக்காந்திருக்கீங்க? வெள்ளக்காரவுகளுக்கு வீட்ட விடுறாகன்னு கோவமா? ஒங்க மருமகன் வெவரங்கெட்ட மனுசன். ஒரு சோலிக்கும் ஆக மாட்டாரு. அவரு மேல போயி கோவப்படலாமா?"

மேலுலகத்துக்கு என்னைப் பற்றிப் போகும் தகவல் இது!

அடுத்து, தீக்குச்சி உரசும் சத்தம். பிறகு நெடி. மிளகாய் வற்றல்! பேய் விரட்டும் வைத்தியம். ஜன்னல் இல்லாத அறை, ஓட்டைக் குழாய்... கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. இன்னும் கொஞ்சம் போனால் அத்தை நிஜமாகவே ஒரு பேயைத்தான் விரட்டிக்கொண்டிருப்பார். குடலே வெளியே வந்துவிடும்போல் இருமினேன். அந்த இருமலில் குரல் திரும்பியது.

"அத்தே, நான்தான்! மாப்ளே!"

"மாப்ளேன்னா... மாமியா பொறந்த ஊரு எது?"

"ராசிங்காபுரம்!"

"அது அண்ணனுக்கும் தெரியுமே. அண்ணனுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லு, பாப்போம்."

மூச்சு முட்டுகிற நேரத்தில் இப்படி ஒரு பரீட்சை! மாமனாருக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது என்ன இருக்கிறது? உயிரோடு இருந்தபோதே அவர் கேட்ட கேள்விதானே இது! அவர் கண்ணை மூடியது, தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டு போடியில் ரயிலே இல்லாமல் கிடந்த வருஷங்களில்...

"அத்தே! போடிக்கு ரயிலு திரும்ப வந்துருச்சு! மதுரைக்குப் போகுது!"

"அட, மாப்ளேதான்! பாவம், அண்ணனுக்கு அது தெரியாதுல்ல..."

"பெட்ரூம் திரைக்குப் பின்னால கதவு இருக்கு. வெரசா வாங்க!"

வந்தார். ஒரு கையால் லேசாகத் தள்ளினார். கதவு உள்பக்கமாகத் திறந்து என் நெற்றியில் மோதியது. இழுக்க வேண்டிய கதவை அத்தனை நேரமும் நான் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். கொச்சி மேடம் சொன்னதைத்தானே அவரும் செய்தார்? எத்தனை தெரிந்த குரலானாலும் நம்பாதே. பூட்டிக்கொண்டவனுக்கு வெளியே நிற்பதெல்லாம் பேய். வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவன் பேய். நல்ல மனிதர்கள் இரண்டு பேரைப் பேயாக்க ஓர் இரும்புக் கதவு போதும் போலிருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தேன். அத்தையும் கூட வந்தார். பனி ஏலச்செடிகளை விழுங்கியிருந்தது.

"சார்..."

செடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல். ஆணா பெண்ணா, சொல்ல முடியவில்லை. அன்று தோட்டத்தில் வேலைக்கு ஆள் கிடையாது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். காத்திருந்தோம். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

"திரும்பிப் பாக்காம நடங்க மாப்ளே," என்றார் அத்தை, மெதுவாக.

ஒருவேளை அது வழி தவறி வந்த நம் வாசகர் யாராவது என்றால், மன்னித்துவிடுங்கள் — இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாமே!