வெறும் நெற்றியோடு நின்ற பசு

ஜோகுபாளையத்தில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அந்தச் சுவரில், இன்று காலை நடை போகும்போது பார்த்தால், கன்றோடு ஒரு வெள்ளைப் பசு! அசல் பசு உயரத்துக்கு வரைந்திருந்தார்கள்.

பூக்கார அக்கா அதன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது வெறும் பெயிண்ட்டு," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம அதுவுமா வெறும் நெத்தியோட நிக்குது, பாவம்."

பக்கத்தில் ஏணிமேல் கிளி வரைந்துகொண்டிருந்த பெயிண்டர் அலறினார்: "அம்மா, இன்னும் காயலம்மா!"

அக்கா வெள்ளையான விரலைப் பார்த்தார். "அப்போ நீயே வெச்சுடு. கன்னுக்குட்டிக்கும் சேத்து."

அவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, சிவப்பைத் தொட்டு இரண்டுக்கும் பொட்டு வைத்தார்.

அந்த நேரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு, வழக்கமான அவசரத்தோடு ஒருவர் சுவரோரம் வந்தார். பசுவைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார்.

எந்தப் பக்கம் ஓடினார் என்று கவனிக்கவில்லை. உங்கள் தெருச் சுவரில் பசு இருக்கிறதா?