குளியல் பொடி விற்று வாங்கிக் கட்டிக்கொண்டவை

உடம்பில் தேய்க்கிற பொருளை விற்க ஆரம்பித்தால், நம் உடம்பைப் பற்றிப் பேசுகிற உரிமை ஊரில் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. வீட்டில் சோப்பு காய்ச்சுகிறவர்கள், பொடி இடித்துப் பொட்டலம் போடுகிறவர்கள், மேஜை போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்ப்பவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்கள்தான்.

என் பெயர் ரேவதி, ஊர் திருப்புலிவனம். மேரி அக்காவை ஒரு மகளிர் குழுப் பயிற்சியில் சந்தித்தேன். அதுவரை அவர் நாற்று நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது ஐந்து வருஷமாக இரண்டு பேரும் பாதிக்குப் பாதி கூட்டு. குளியல் பொடி, சீயக்காய்ப் பொடி, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின எண்ணெய், உடம்பு தேய்க்கப் பீர்க்கங்காய் நார், இவ்வளவுதான் எங்கள் சரக்கு. வாரத்தில் இரண்டு நாள் உத்திரமேரூர் பஜாரில் கடை. அங்கே கேட்டவற்றில் மறக்க முடியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எண்ணெயும் என் தலையும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு டைபாய்டு வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது பாதி முடி தலையணையில் இருந்தது. தானாக வளரும், பயப்படாதே என்று டாக்டர் சொன்னார். வளரத்தான் செய்தது, ஆனால் அதன் இஷ்டத்துக்கு. அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா கடைக்கு வந்து எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்தார். பாட்டிலைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

காய்ச்சல் வந்த கதையைச் சொன்னேன். ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எத்தனை நாள் படுத்திருந்தேன், யார் சமைத்துப் போட்டார்கள், கஞ்சியாவது உள்ளே இறங்கியதா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். மனசு இளகி, நாமே பத்து ரூபாய் குறைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். "ஒனக்கு நல்லா மொளைக்கட்டும்மா, அப்பறமா வந்து வாங்கிக்கறேன்."

காரில் வந்தவர்கள்

கோயில் பார்க்க வந்த சென்னைக்காரர்கள், கணவன் மனைவி. அந்தப் பெண் குளியல் பொடியை முகர்ந்து பார்த்து, கெமிக்கல் இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். கலர்? இல்லை. சென்ட்? இல்லை. பயறு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், வெட்டிவேர் என்று வரிசையாகச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே, நுரை வருமா என்று கேட்டார். வராது. இரண்டு வருஷம் கெடாமல் இருக்குமா? நாலு மாசம் இருக்கும். ஏன் பச்சையாக இல்லாமல் மண் நிறத்தில் இருக்கிறது?

காய்ந்த பூவும் கிழங்கும் அரைத்தால் இந்த நிறம்தான் வரும் என்றேன். கணவர் காரிலிருந்து ஹாரன் அடித்தார். இவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கு நல்லது சொல்கிற முகத்தோடு சொன்னார்: "நீங்க சொல்றது எல்லாம் நேச்சுரல்தான், ஆனா பார்த்தா நேச்சுரலா தெரியலையே."

காய் யாருடையது

பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றி உலர விட்டு, தோல் உரித்து, விதை உதறி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, வெயிலில் போட்டு, அளவாக வெட்டி, விளிம்பில் துணி வைத்துத் தைத்தால் உடம்பு தேய்க்கும் நார் தயார். இது முழுக்க மேரி அக்காவின் கைவேலை. எனக்குத் தையல் நேராக வராது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் விஜயா அதைப் பார்த்துவிட்டு, எங்க வூட்டு வேலியில சும்மா தொங்குது, இதுக்குப் போய் காசா என்றாள். போய் அவளே செய்து பார்த்தாள். பச்சைக் காயைப் பறித்து ஊறவைத்ததால் வாளியோடு அழுகி, அக்கம்பக்கம் மூக்கைப் பிடித்தது. அடுத்த மாசம் முற்றின காய் எட்டு கொண்டுவந்து மேரி அக்கா முன்னால் போட்டு, நார் எடுத்துக் கொடு என்றாள். அக்கா ஒரு காய்க்கு இவ்வளவு கூலி என்று சொன்னார். விஜயாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. கிண்டல் செய்கிறாள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. அவ்வளவு நியாயமாகக் கேட்டாள்: "காயி என்னுது, தண்ணி கொழாய்ல வருது, வெயிலு மேல கீது, இதுல கூலி எங்கருந்து வந்துச்சு?"

யார் இடித்தது

இதில் கோபம் என் மேலேயே. பூலாங்கிழங்கும் மஞ்சளும் கல் மாதிரி இருக்கும். அப்படியே மில்லில் போட்டால் மிஷின் திணறும். உரலில் போட்டு நொறுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதையும் மேரி அக்காதான் செய்வார்.

ஒரு நாள், மகள் கல்யாணத்தில் நலங்கு வைப்பதற்காக நிறையப் பொடி வேண்டும் என்று ஒரு பெரிய குடும்பத்து அம்மா கடைக்கு வந்தார். விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, யார் இடிச்சது என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். நான்தான் இடித்தேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அவர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டடி தள்ளி உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மேரி அக்கா நிமிரவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. மூன்று நாள் நானே இடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, பொடி பாதி உரலுக்கு வெளியே போனது. நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு போனது எதுவும் ஞாபகம் வரவில்லை. தப்பு பண்ணிட்டேன்க்கா என்று மட்டும் சொன்னேன். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் புடவையையும் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு சொன்னார்: "இனிமே யாராச்சும் கேட்டா என்னைக் கையக் காட்டு, நானே சொல்லிக்கறேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேர் கேட்டார்கள். கையைக் காட்டினேன். ஒருவர் வாங்காமல் போனார். போகட்டும்.

மிளகாய்க்கு அப்புறம்

மாவு மில்லில் எங்களுக்கு எப்போதும் கடைசி இடம். சீயக்காய் அரைத்தால் தும்மல் வருகிறது என்று மற்றவர்கள் முறைப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் யாரோ வீட்டு மிளகாய்த் தூள் ஓடியது. கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டி மிஷினைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் எங்கள் குளியல் பொடிச் சரக்கைப் போட வேண்டும் என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு, மூட்டையை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரும்போது அரைத்துத் தயாராக இருந்தது. அரிசி ஓட்டினீங்களா என்றேன். தலையாட்டினார்.

புதிதாக அரைத்த பொடியை நான் தேய்த்துக் குளித்துப் பார்க்காமல் பொட்டலம் கட்ட விடமாட்டேன். மறுநாள் காலையில் கழுத்திலும் கையிலும் தேய்த்தேன். அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் மோரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு கிலோ பொடி. ஒரு மாசம் வெயிலில் அலைந்து மேரி அக்கா பறித்த ஆவாரம்பூ அதில் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டிக் கொட்டினோம். சிவந்த கழுத்தோடு மில்லுக்குப் போய்க் கேட்டேன். மில்காரர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "குளிக்கற பொடிதானே, சாப்பிடறதா இன்னா?"

சங்கீதாவின் குழந்தை

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். சாலவாக்கத்திலிருந்து போன். வழக்கமாகக் குளியல் பொடி வாங்கும் சங்கீதாவின் மாமியார் பேசினார். "கொயந்தைக்கு ஒடம்பெல்லாம் செவந்து தடிச்சுக் கீது. இன்னா பொடி குடுத்தீங்க நீங்க?" சங்கீதாவுக்கு மூன்று மாசப் பெண் குழந்தை. நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் எங்கள் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் குழந்தையின் போட்டோ வந்தது. கீழே, ரேவதி பொடி யாரும் வாங்காதீங்க என்று எழுதியிருந்தது.

எனக்குக் கை ஓடவில்லை. அந்த மிளகாய்ப் பொடியில் ஒரு பொட்டலம் எங்காவது தப்பிப் போயிருந்தால்? அன்னிக்கு ஒண்ணுகூட கட்டல, கட்டறது நான்தானே, எனக்குத் தெரியாதா என்று மேரி அக்கா சொன்னார். நம்பினேன். ஆனாலும் பஸ்ஸில் சாலவாக்கம் போய்ச் சேரும் வரைக்கும் என் கழுத்து எரிந்த எரிச்சலை அந்தக் குழந்தையின் தோலில் நினைத்துக்கொண்டே போனேன். மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் வந்திருந்தார்கள். எதுவும் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள் என்று நர்ஸ் ஒரு களிம்பு கொடுத்திருந்தார். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தொடையிலும் கழுத்து மடிப்பிலும் தோல் உரிந்திருந்தது. முதலில் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அரைத்த தேதி, மிளகாய்க்கு ஒரு மாசம் முன்னால். அதற்குக் கீழே, 'பெரியவர்களுக்கு மட்டும்'. சங்கீதா தனக்கு வாங்கியது.

"இத கொயந்தைக்கு யாரு போட்டது?" என்று மேரி அக்கா கேட்டார்.

சங்கீதா மாமியாரைப் பார்த்தாள். அந்த அம்மா தன் மேல் ஒரு தப்பும் இல்லாத குரலில் சொன்னார். குழந்தை அப்பனைப் போலக் கறுப்பாகப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அதனால் தினமும் இந்தப் பொடியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, குழைத்து, நன்றாகத் தேய்த்து, காயவிட்டுக் குளிப்பாட்டினார். பத்து நாளாக. மருமகள் வேண்டாம் என்று சொன்னாள், கேட்கவில்லை.

பயம் போன இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. மூன்று மாசக் குழந்தைக்கு எலுமிச்சம்பழமா, பெரியவங்களுக்கு மட்டும்னு எழுதினது கண்ணில் படலையா, உங்க பேத்தி என்ன பாத்திரமா தேய்ச்சு வெளுக்க என்று கத்தினேன். குழந்தை விழித்துக்கொண்டது. சங்கீதா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள். மேரி அக்கா என் முதுகில் கை வைத்து, போதும் என்றார். அந்த அம்மா பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: "தேச்சா கலர் வரும்னு இதுல எழுதியிருந்தா நான் ஏன் எலுமிச்சம்பயம் வாங்கிப் பிழியப் போறேன்?"

குழுவில் போட்ட பதில்

ஒரு வாரம் ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை. காதுகுத்துக்குத் தாம்பூலப் பையில் போட என்று கேட்டிருந்த ஒரு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நடந்ததைக் குழுவில் போடுங்கள் என்று தலைவியிடம் கேட்டேன். மறுபடி போட்டா மறந்தவங்களுக்கும் ஞாபகம் வரும் என்றார்.

கடைசியில் சங்கீதாவே வாய்ஸ் மெசேஜ் போட்டாள். மாமியார் கூடத்தில் இருக்கும்போதே, அவர் காதில் விழுகிற மாதிரி பேசினாள் என்று பிறகு தெரிந்தது. பொடி மேல தப்பு இல்ல, எலுமிச்சம்பழம் பிழிஞ்சதாலதான் என் பொண்ணுக்குத் தோல் உரிஞ்சுது, எம்பொண்ணு கறுப்பாவே இருக்கட்டும், இனிமே யாரும் அவ மேல எதையும் தேய்க்கக் கூடாது என்று சொன்னாள். குழந்தைக்குச் சரியாகிவிட்டது என்று ஒரு போட்டோவும் போட்டாள். சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மேரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த வாய்ஸ் மெசேஜை எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் கேட்டார்கள்.

முதல் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. திருமுக்கூடலில் இருக்கிற ஒரு பெண், எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "அக்கா எனக்கு ரெண்டு பாக்கெட் வேணும், அப்படியே எலுமிச்சம்பழம் அரையா காலா எவ்ளோ பிழிஞ்சா கலர் வரும்னு சொல்லுங்க."

இப்போதெல்லாம் பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத ஒரு வரி போதும் எங்களுக்கு, அதோடு எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று எழுதத்தான் இரண்டு பக்கமும் பற்றவில்லை.